350 ரூபாய்ப் போர்டும் மூன்று நாள் ஹம்மும்

அப்பா விட்டுச்சென்ற இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கறையானுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அவற்றைப் பாடவைக்க ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டலாம் என்று விழுப்புரத்தில் ரயிலேறி, எலக்ட்ரானிக்ஸ் உதிரிகள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். டிடிஏ7294 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி வைத்த மோனோ போர்டுகள், ஸ்பீக்கருக்கு ஒன்றாக இரண்டு, ஒன்று 350 ரூபாய். உதிரிகளை எல்லாம் பற்றவைத்தே தருகிறார்கள். விளக்கத் தாள் எதுவும் கிடையாது. பழைய நாளிதழில் சுருட்டிக் கையில் கொடுத்தார் கடைக்காரர்.

“100 வாட் சார்” என்றார். ஐசியைத் தயாரித்த எஸ்டி நிறுவனத்தின் டேட்டாஷீட்டில் அந்த 100 இருப்பது உண்மைதான். ஆனால் 8 ஓமில் பிளஸ் மைனஸ் 38 வோல்ட் கொடுத்து, ஒலியில் 10 சதவீதச் சிதைவையும் பொறுத்துக்கொண்டால் வரும் கணக்கு அது. அவ்வளவு சிதைந்தால் நாதசுரம் தகரத்தைக் கீறுவதுபோல் கேட்கும். என்னுடைய 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரில் சேனலுக்கு 50 வாட் சுத்தமாகத் தேறும். எங்கள் கூடத்துக்கு அதுவே தாராளம். (டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது செம்புக் கம்பியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலுமினியம் சுற்றியது மலிவு, அதற்கேற்ற சூடு.)

போர்டில் முதலில் கண்ணில் பட்ட குறை, 35 வோல்ட் வரையே தாங்கும் கண்டன்சர்கள். லோடு இல்லாதபோது, டிசியாக மாற்றிய என் சப்ளை 35.4 வோல்ட் காட்டியது. விளிம்பில் குழந்தையை உட்காரவைப்பதுபோல இருந்தது. நான்கையும் கழற்றி 63 வோல்ட் போட்டேன். கூடுதல் செலவு 80 ரூபாய்.

அடுத்த குறை பெரியது. இந்த ஐசியின் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மின்சாரத்தைத் தடுக்கும் மைக்காத் தகடும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கில் முடுக்கி, அதை இரும்புப் பெட்டியோடும் சேர்த்தால் சப்ளை நேராக கிரவுண்டில் போய் நிற்கும். அவற்றைத் தரவுமில்லை, ‘தேவைப்படும்’ என்று ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. நானும் மறந்துவிட்டேன். எங்காவது ஷார்ட் இருந்தால் மின்னோட்டத்தைத் தடுக்க மின் இணைப்பில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டியிருந்ததால் பிழைத்தேன்: சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து, அணையாமல் நின்றது. மைக்கா வைத்த பிறகு ஒரு கணம் மினுக்கி மங்கியது. அதன் பின்னரே, ஸ்பீக்கரைக் கெடுக்கும் டிசி அவுட்புட்டில் எவ்வளவு என்று பார்த்தேன். இடது 12 மில்லிவோல்ட், வலது 19. ஸ்பீக்கரை நம்பி மாட்டலாம்.

பாட்டு வந்தது. கூடவே ஹம்மும் வந்தது. இன்புட்டைக் கிரவுண்டோடு இணைத்தாலும் ‘உம்ம்’ என்று சற்றுக் கரகரப்பான முனகல். மூன்று நாள் போர்டைத் திட்டிக்கொண்டிருந்தேன், அதன்மேல் தவறில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அதை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜைத் தாண்டினால் கண்டன்சர்கள் விநாடிக்கு 100 தடவை நிரம்புகின்றன. டிரான்ஸ்ஃபார்மரின் நடுக்கம்பிக்கும் இரண்டு 10,000 மைக்ரோஃபாரட் கண்டன்சர்கள் கூடும் இடத்துக்கும் நடுவே இருந்த இரண்டங்குல வயரில் அந்த மின்னோட்டம் குத்துக்குத்தாகப் பாய்கிறது. நான் போர்டுகளின் கிரவுண்டை அந்த வயரின் டிரான்ஸ்ஃபார்மர் பக்க முனையில் பற்றவைத்திருந்தேன். வயரில் எழும் சிறு வோல்டேஜும் பாட்டோடு சேர்ந்துகொண்டது. கறுப்பு வயர்களைப் பிடுங்கி, கண்டன்சர்களைத் தாண்டி ஒரே புள்ளியில் சேர்த்தேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்டேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, “மறுபடியும் கெட்டுப்போய்விட்டதா?” என்றாள்.

ஒலியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. தவிலின் தொப்பியில் கோல் விழும் கனம் நெஞ்சில் தெரிகிறது. வலந்தலையில் விரல்கூடுகள் உதிர்க்கும் சொற்கள் தனித்தனியாகக் கேட்கின்றன. ஐசியிலேயே மியூட், ஸ்டாண்ட்பை வசதி இருப்பதால் சுவிட்சைப் போடும்போது ‘டொம்’ என்ற இடி இல்லை. கல்லூரி நாட்களில் 2என்3055 டிரான்சிஸ்டர் வைத்து நான் கட்டிய செட் தெருவையே எழுப்பிவிட்டுத்தான் பாடும்.

போர்டுக்கு 700 போனாலும் டிரான்ஸ்ஃபார்மர், கண்டன்சர், ஹீட் சிங்க், பெட்டி என்று மொத்தம் 4,200 ஆனது. சால்டரிங் பழகாதவருக்கு இதைச் சொல்லமாட்டேன். பழகியவர் வாங்கலாம், மைக்காவைத் தனியாகக் கேட்டு. என் பெட்டிக்கு இன்னும் மூடி போடவில்லை. ஒரு மணி நேரம் பாடினால் ஹீட் சிங்க்கில் கை வைக்க முடிகிறது, எடுக்காமல் இருக்க முடியவில்லை. பக்கவாட்டில் துளை போட்டுத் தர லேத் பட்டறையில் சொல்லியிருக்கிறேன்.