ட்ரைக்கோடெர்மாவா, சூடோமோனாஸா?

பயிர்நோயைத் தடுக்க உதவும் இந்த இரண்டு நுண்ணுயிர்களில், நிலாவெளிப் பக்கத்து மணல் தோட்டத்தில் வெங்காயமோ மிளகாயோ வைப்பவருக்கு என் முதல் தெரிவு ட்ரைக்கோடெர்மாதான். அது ஒரு பங்கசு. நாற்றை அழுக வைக்கும் பங்கசுகளைச் சுற்றிப் பிணைந்து, அவற்றின் சுவரை நொதியத்தால் கரைத்துத் தின்றுவிடும். ஆனால் அதற்கும் சாப்பாடு வேண்டுமே. வெறும் மணலில் தூவிப் பலனில்லை. மக்கிய மாட்டெருவில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் இரண்டு கிழமை பெருக விட்டு, அப்புறம் பாத்தியில் போடுங்கள். பங்கசுநாசினி ஊற்றிய கையோடு போட்டால் இதுவும் சேர்ந்து செத்துப்போகும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

சூடோமோனாஸ் புளோரசென்ஸ் ஒரு பற்றீரியா. வேரோடு ஒட்டி வாழும். மண்ணிலுள்ள இரும்பைப் பிடித்துவைத்து நோய்க்கிருமிகளைப் பட்டினி போடும். அதைவிடப் பெரிய விசயம், அது வேரில் இருப்பதை உணர்ந்து பயிர் முழுவதும் விழித்துக்கொள்ளும். இலையிலும் எதிர்ப்பு வரும். தம்பலகாமத்து வயலில் நெல் இலையைக் கருக்கும் எரிபந்த நோய்க்குப் பயமென்றால் இதுதான் பொருத்தம். ஒரு கிலோ விதைநெல்லுக்கு 10 கிராம் தூள்.

கத்தரி வாடலா? அது பற்றீரியாவால் வந்ததென்றால் ட்ரைக்கோடெர்மாவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.