கெர்ன் கவுண்டியில் நிலம்: குடியிருந்து பெறுவதா, தண்ணீர் பாய்ச்சி வாங்குவதா?

கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டி 1866-ல் உருவானது. தலைமையிடம் முதலில் ஹாவிலா என்ற தங்கச்சுரங்க ஊர். 1874-ல் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு மாறியது. அங்கே அரசு நிலம் தேடி வந்தவர்கள் முன்னால் இருந்த இரண்டு வழிகளைப் பார்ப்போம்.

1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 160 ஏக்கர். கட்டணம் தவிர விலை இல்லாமல் கிடைத்தது. ஆனால் வீடு கட்டி, 5 வருடம் அங்கேயே இருந்து பயிர் செய்ய வேண்டியிருந்தது. கையில் காசில்லாதவருக்கு இதுதான் தோது. மழை பொய்க்கும் சமவெளியில் தண்ணீருக்கு எங்கே போவது என்பது வேறு கதை.

1877-ன் பாலைநிலச் சட்டத்தில் 640 ஏக்கர் வரை கிடைத்தது. முதலில் ஏக்கருக்கு 25 சென்ட். 3 வருடத்துக்குள் தண்ணீர் பாய்ச்சியதைக் காட்டி மீதி 1 டாலர். குடியிருக்கவே வேண்டாம். சரி, வாய்க்கால் வெட்டப் பணம்? சாமானியர் மாட்டிக்கொண்டது அங்கேதான். ஜேம்ஸ் பென் அலி ஹாகின் போன்ற முதலாளிகளுக்கோ இது அல்வா மாதிரி. பினாமி விண்ணப்பங்கள் என்ற புகாரும் எழுந்தது. என்னைக் கேட்டால், இது குடியேறிகளுக்கான சட்டமே அல்ல.

அப்புறம் ஆற்று நீர்ச் சண்டை. கெர்ன் ஆற்றுக்காக ஹாகினும் மாட்டுப்பண்ணை அதிபர்களான மில்லர், லக்ஸும் மோதினார்கள். 1886-ல் மாநில உச்ச நீதிமன்றம் கரையோர உரிமையின் பக்கம், அதாவது ஆற்றங்கரை நிலக்காரருக்கு அந்த நீரில் உள்ள உரிமையின் பக்கம், நின்றது. வென்றது மில்லர், லக்ஸ் தரப்பு.