ஈயப் பற்று விட்ட இடம்: ஒரு மிடி கன்ட்ரோலருடன் ஒன்பது ஆண்டுகள்

2016ஆம் ஆண்டின் இறுதியில் நான் வாங்கிய 49 கட்டை மிடி கன்ட்ரோலர், அதாவது கணினியோடு இணைத்து வாசிக்கும் கீபோர்டு, இன்றும் என் மேசைமேல்தான் இருக்கிறது. இடையில் ஏறத்தாழ ஏழு மாதம் அது பழைய வேட்டியில் சுற்றப்பட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதென்று இரண்டு முறை முடிவெடுத்து, இரண்டு முறையும் விலையைப் பார்த்துப் பின்வாங்கினேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை; நான் சந்தித்த பழுதுகளில் பெரும்பாலானவை இந்த விலையில் கிடைக்கும் எந்தக் கருவிக்கும் வரக்கூடியவை.

இதைத் தனி இசைக்கருவி என்று சொல்ல முடியாது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விரைவாக இறங்கியது, எப்போது விடப்பட்டது என்னும் செய்திகளை மட்டும் இது கணினிக்கு அனுப்புகிறது. வீணையோ வயலினோ ஒலிப்பது கணினியில் உள்ள மென்பொருளிலிருந்து. அந்தச் செய்திகளின் மொழியான மிடி 1983இல் வந்தது. பெரும்பாலான அளவுகளை அது 0 முதல் 127 வரையான எண்களாகவே சொல்கிறது. யூஎஸ்பி வழியாக மிடி அனுப்புவதற்கான பொது வரையறை 1999இல் வெளியானதால், அதைப் பின்பற்றும் கருவிகளுக்குத் தனி டிரைவர், அதாவது கருவியைக் கணினி அறிய உதவும் மென்பொருள், தேவைப்படுவதில்லை. இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் மூன்று கணினிகளை மாற்றியும் கன்ட்ரோலரை மாற்றாமல் இருக்க முடிந்ததற்கு அதுவே காரணம்.

என் பயன்பாடு எளியது. நடன வகுப்புகளுக்குப் பயிற்சிப் பதிவுகள் செய்து தருகிறேன். பஜனைப் பாடல்களுக்குப் பின்னணி அமைக்கிறேன். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு பத்தரைக்கு மேல் அண்டை வீட்டாரைத் தொந்தரவு செய்யாமல் ஹெட்போனில் ராகம் வாசித்துப் பார்க்கிறேன். நம் இசையை வாசிப்பவருக்குக் கட்டைகளைவிட இடப்பக்கத்தில் இருக்கும் சுருதி வளைக்கும் சக்கரமே, அதாவது பிட்ச் பெண்ட் சக்கரமே, முதன்மையானது. கட்டை ஒரு சுரத்தானத்தில் நின்றுவிடும். தோடியின் காந்தாரத்தை அசைக்க வேண்டுமானால் அந்தச் சக்கரத்தைத்தான் தொட வேண்டும். அதனால் இங்கே நான் சொல்பவற்றில் சில, மேற்கத்திய முறையில் மட்டும் வாசிப்பவருக்கு மிகையாகத் தோன்றலாம்.

முதல் நான்காண்டுகள் சொல்லத்தக்க குறை எதுவும் இல்லை. ஐந்தாம் ஆண்டு, தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், ஒரு காவடிப் பாடலுக்கு இசை பதிவு செய்துகொண்டிருந்தபோது கீழ் ஸ்தாயி சட்ஜம் விரலை எடுத்த பிறகும் நிற்காமல் ஒலித்தது. கட்டையை அழுத்தும்போது ஒரு செய்தியும் விடும்போது மற்றொரு செய்தியும் போகின்றன. இரண்டாவது போய்ச் சேராவிட்டால், விரல் இன்னும் கட்டையில் இருப்பதாகவே மென்பொருள் எண்ணிக்கொள்ளும். சில நொடிகளில் கருவியின் விளக்குகள் அணைந்து மீண்டும் எரிந்தன. அந்த வாரம் அது இரண்டு முறை நிகழ்ந்தது. அடுத்த மாதத்துக்குள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்றானது.

நான் முதலில் சந்தேகித்தது கணினியை. அதில் இரண்டு வாரம் வீணாயிற்று. மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினேன். யூஎஸ்பி துளைகளை உறங்க வைக்கும் மின்சேமிப்பு அமைப்பை நிறுத்தினேன். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் கருவிகளைக் காட்டச் சொன்னபோது, ஒரே கன்ட்ரோலர் பதினொரு முறை பதிவாகியிருப்பதைக் கண்டு, திருடனைப் பிடித்துவிட்டதாகவே மகிழ்ந்தேன். வரிசை எண் அனுப்பாத கருவியை வேறு வேறு துளைகளில் செருகினால் விண்டோஸ் அதை ஒவ்வொரு முறையும் புதியதாகப் பதிந்துகொள்ளும். அந்தப் பழைய பதிவுகளை நீக்கியதால் பட்டியல் சுத்தமானது, அவ்வளவுதான். விளக்குகள் முன்போலவே அணைந்து எரிந்தன. கணினி வேறு, துளை வேறு என்று மாற்றிச் செருகி ஐந்து நிமிடத்தில் அறிந்திருக்கக்கூடிய ஒன்றை அறிய எனக்குப் பதினான்கு நாள் ஆனது. கடைசியில் அக்காள் மகனின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில், யூஎஸ்பி கருவிகளை இணைக்க உதவும் ஓடிஜி இணைப்பானைப் போட்டுச் செருகிப் பார்த்தோம். அங்கும் அதே கோளாறு. கணினி குற்றமற்றது என்பது உறுதியானது.

பிறகு கேபிள். பிரிண்டருக்குப் பயன்படும், ஒரு முனை சதுரமான யூஎஸ்பி கேபிள்தான் இதற்கும். உள்ளே நான்கு கம்பிகள் உண்டு: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, வெள்ளையும் பச்சையும் செய்திக்கு. மூன்று மீட்டர் நீளமான என் கேபிளையும், அதை நான் செருகியிருந்த ஒரு துளையைப் பலவாக்கும், தனி மின்னிணைப்பில்லாத ஹப்பையும் அகற்றி, ஒரு மீட்டர் கேபிளை நேரடியாகக் கணினியில் செருகியதும் நிலைமை பாதி சீரடைந்தது. யூஎஸ்பி 2.0 முறையில் கணினியின் துளை 500 மில்லியாம்பியர் வரை தரும். தனி மின்சாரம் இல்லாத ஹப்போ ஒவ்வொரு துளைக்கும் 100 மில்லியாம்பியர்தான் தர வேண்டும் என்பது விதி. விரலால் தட்டும் எட்டுப் பேடுகளிலும் விளக்கு எரியும் என் கருவி கேட்பது அதைவிட அதிகம். இத்தனை ஆண்டு அது எப்படி ஓடியது என்பதே வியப்பு. இருந்தும் கோளாறு முழுதாகத் தீரவில்லை. கேபிள் முனையைக் கையால் சற்றே மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தால் மட்டும் ஒழுங்காக ஓடியது.

இந்தக் கட்டத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கேட்டேன். பார்ப்பதற்கே தனிக் கட்டணம், திறந்த பிறகு வேலைக்கு வேறு, புதிது வாங்குவதே மேல் என்றார்கள். கூலியைக் கணக்கிட்டால் அவர்கள் சொன்னது தவறில்லை. அதற்குப் பிறகுதான் கருவி கட்டிலுக்கடியில் போனது.

அதை வெளியே எடுக்க வைத்தவர் எங்கள் பஜனைக் குழுவில் மிருதங்கம் வாசிக்கும் அண்ணன். நான் புதிது பார்ப்பதாகச் சொன்னதும், “மிருதங்கம் சரியா பேசலன்னா முதல்ல வாரை இழுத்துப் பார்ப்போம் தம்பி, தோலையா மாத்துவோம்?” என்று கேட்டார். தூக்கிப் பிடித்தால் ஓடுகிறது என்றால் கோளாறு செருகும் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரிந்தே இருந்தது; திறப்பதற்குத்தான் அச்சம்.

கருவியைக் கவிழ்த்துப் போட்டபோது அடிப்பலகையில் 21 திருகாணிகள் இருந்தன. அவை மூன்று வெவ்வேறு நீளங்களில் இருந்ததால், எது எங்கிருந்து வந்ததோ அதே அமைப்பில் முட்டை அட்டையின் குழிகளில் வைத்துக்கொண்டேன். நீளமான திருகாணியைக் குட்டையான துளையில் முடுக்கினால் அது மேற்புறப் பிளாஸ்டிக்கைத் துளைத்துவிடும். பலகைகளை இணைக்கும் தட்டை ரிப்பன் கேபிள்களை இழுப்பதற்கு முன் அவற்றைப் பிடித்திருக்கும் சிறு தாழ்ப்பாளை நகத்தால் விடுவிக்க வேண்டும்; ஒன்றை நான் அவசரத்தில் இழுத்து, தாழ்ப்பாளின் ஒரு காதை உடைத்துவிட்டேன். நல்லவேளையாக மற்றொரு காது இன்றுவரை தாங்குகிறது.

யூஎஸ்பி சாக்கெட்டின் பின்புறத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. சாக்கெட்டின் உலோகக் கூட்டைப் பலகையோடு பிடித்திருக்கும் இரண்டு கால்களையும் சுற்றி, மயிரிழை போன்ற கறுத்த வளையம் ஓடியிருந்தது. ஒவ்வொரு முறை கேபிளைச் செருகி இழுக்கும்போதும் ஈயப் பற்று சிறிது சிறிதாக விட்டுவிட்டது. கூட்டின் கால்கள் தளர்ந்ததும் முழு விசையும் உள்ளிருக்கும் நான்கு மெல்லிய ஊசிகள்மேல் விழுந்து, அவற்றில் மின்சாரம் வரும் ஊசியின் பற்றும் விரிசல் விட்டிருந்தது. மல்டிமீட்டரை வைத்தேன். கேபிள் அசையாதபோது 4.9 வோல்ட் காட்டியது. முனையைக் கீழே அழுத்தியதும் 3.6க்கு இறங்கி மீண்டும் ஏறியது. விளக்கு ஏன் அணைந்தது, சட்ஜம் ஏன் நிற்காமல் ஒலித்தது என்ற இரண்டுக்கும் அந்த ஓர் எண்ணே விடை.

ஈயம் வைப்பது நான் எண்ணியதைவிடக் கடினமாக இருந்தது. கூட்டின் கால்கள் பலகையின் பரந்த செம்புத் தகட்டோடு இணைந்திருப்பதால், வைத்த சூட்டையெல்லாம் அந்தத் தகடே உறிஞ்சிக்கொள்கிறது. என்னிடம் இருந்த, ஈயம் உருக்கும் சிறிய இரும்பால் பழைய ஈயம் உருகவே இல்லை. சிம் லிம் டவருக்குப் போய், ஈயம் நன்றாகப் பற்ற உதவும் ஃபிளக்ஸும், பழைய ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னலும், உடைந்தால் மாற்ற ஒரு சாக்கெட்டும் வாங்கிக்கொண்டேன். அங்கே பாகங்கள் விற்கும் சீன அங்கிள் ஒருவர் என் கைப்பேசிப் படத்தைப் பார்த்துவிட்டு, தடித்த முனை போடு, நேரத்தைக் குறை என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வரிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இரவல் வாங்கிய 60 வாட் இரும்பில் அகன்ற முனையைப் பொருத்தி, ஃபிளக்ஸ் தடவி, ஒவ்வொரு காலுக்கும் மூன்று நான்கு நொடிகளில் வேலை முடிந்தது. புதிய சாக்கெட் தேவைப்படவில்லை. அது இன்னும் பையிலேயே இருக்கிறது.

திறந்தது திறந்ததாயிற்று என்று மற்றக் குறைகளையும் பார்த்தேன். நடு ஸ்தாயியில் நான்கு கட்டைகள் மெல்லத் தொட்டாலும் 127இல் அலறின, அல்லது ஊமையாயின. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் குமிழில் இரண்டு கரிப் புள்ளிகள் உள்ளன. கட்டை இறங்கும்போது ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் பலகையைத் தொடுகின்றன. அந்த நேர இடைவெளி குறைந்தால் வேகமான அடி, கூடினால் மென்மையான அடி. ஒரு புள்ளியில் தூசு படிந்தால் கணக்கு பிழையாகிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பலகையையும் குமிழையும் மெதுவாகத் துடைத்ததில் நான்கும் சரியாயின. கரியைத் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும்.

மேற்புறத்தில் உள்ள திருகுகுமிழ்களில்தான் பெரிய தவறு செய்தேன். தொடாமலே எண்களைக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு திருகுகுமிழுக்குள், திறப்பதற்கு முந்தைய ஆண்டே கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடித்திருந்தேன். ஒரு வாரம் அது நன்றாக இருந்தது. பிறகு எண்ணெயில் தூசு ஒட்டி முன்னிலும் மோசமானது. மின்தொடர்புகளுக்கென்றே விற்கும் கிளீனரால் பழைய எண்ணெயைக் கழுவி, குமிழை ஐம்பது முறை இருபுறமும் திருப்பிய பிறகே அடங்கியது.

சுருதிச் சக்கரத்திலும் இதே நோய்தான், ஆனால் விளைவு வேறு. சக்கரம் நடுவில் நிற்கும்போது 8192 என்ற எண்ணை அனுப்ப வேண்டும். மிடி-ஆக்ஸ் என்ற இலவச மென்பொருளில் பார்த்தபோது விரலை எடுத்த பின்னும் அது 8600ஐ ஒட்டியே நின்றது. சக்கரம் இரண்டு அரைச்சுரம் வளைக்கும்படி வைத்திருந்தால் இந்த விலகல் ஏறத்தாழ 10 சென்ட் (ஓர் அரைச்சுரம் என்பது 100 சென்ட்). பியானோ வாசிப்பவர் பொறுத்துக்கொள்வார். கமகத்துக்காக நான் 12 அரைச்சுரம் வரை விரித்து வைத்திருப்பதால் அதே விலகல் ஏறத்தாழ 60 சென்ட், அதாவது பாதி சுரத்தானத்துக்கும் மேல். தம்புரா ஒரு சட்ஜத்தைச் சொல்ல, நான் வேறொன்றைச் சொல்லிக்கொண்டு, குரல்தான் விலகுகிறது என்று பாடகியிடம் இரண்டு முறை குறை சொல்லியிருக்கிறேன். அவரிடம் பின்னர் மன்னிப்புக் கேட்டேன். கிளீனரும், இடம் பெயர்ந்திருந்த சுருளைத் திரும்ப அமர்த்தியதும் சேர்ந்து சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தன.

நம் ஊரின் ஈரத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஆண்டுச் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சிங்கப்பூரில், திருகுகுமிழ்களின்மேல் பூசப்படும் அந்த மென்மையான ரப்பர் பூச்சு சில ஆண்டுகளில் வெல்லப்பாகுபோல் ஒட்டத் தொடங்கிவிடுகிறது. அதே ஆல்கஹாலால் பூச்சையே முழுதும் தேய்த்து எடுத்துவிட்டேன். அடியிலிருந்த வெறும் பிளாஸ்டிக் பார்க்க மலிவாக இருக்கிறது, தொட நன்றாக இருக்கிறது. இப்போது வாசிக்காத நேரத்தில் துணி போர்த்தி, பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை வைக்கிறேன்.

மொத்தச் செலவு 38 சிங்கப்பூர் வெள்ளி, இரண்டு சனிக்கிழமைகள், ஒரு தாழ்ப்பாள் காது. பழுதுபார்த்து பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை இணைப்பு ஒரு முறைகூட அறுபடவில்லை. கேபிளைக் கருவியிலிருந்து கழற்றுவதையே நிறுத்திவிட்டேன். அதைக் கீழ்ப்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருப்பதால், யாராவது இழுத்தாலும் விசை சாக்கெட்டுக்குப் போவதில்லை. பழைய கன்ட்ரோலரை இரண்டாம் கையாக வாங்க விரும்புபவர் தம் சொந்தக் குட்டைக் கேபிளோடு போய், செருகிய முனையை நான்கு திசையிலும் மெல்ல அசைத்து விளக்கைப் பார்க்க வேண்டும். பிறகு சக்கரத்தை விட்டுவிட்டு 8192 வருகிறதா என்று பார்க்க வேண்டும். விற்பவர் தயங்கினால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

ஆறாவது பேடு மட்டும் இன்னும் பேசவில்லை. அதன் அடியில் உள்ள உணர்படலம் கிழிந்திருக்கிறது, தனியாக அந்தப் பாகம் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. அதில் ஒதுக்கியிருந்த ஜால்ராவை ஏழாவதுக்கு மாற்றிக்கொண்டேன்.