கீக்ளோக்கா, ஃப்ரீஐபிஏவா, ஏடியா, என்ட்ராவா: பனியன் கம்பெனிக்கு எது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசர், இரண்டு மாதம் கழித்தும் பழைய பாஸ்வேர்டிலேயே ஆர்டர் ஷீட்டுகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க தம்பி, ஆளு போனா கேட் பாஸை வாங்கி வெச்சுக்கறோம், இதுக்கு என்னத்த வாங்கி வெக்கறதுங்க?" என்றார். நியாயமான கேள்வி. மெயில், ஆர்டர், ஸ்டாக் கணக்குப் பார்க்கும் இ.ஆர்.பி., ஃபைல் சர்வர் என்று ஆளுக்கு நாலைந்து லாகின். ஒன்றை மூடினால் இன்னொன்று திறந்தே கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மூடத்தான் ஐடென்டிட்டி மேனேஜ்மென்ட். வெளியிலிருந்து பார்த்தால் தலைப்பில் உள்ள நாலும் ஒரே வேலையைச் செய்வது போலத் தெரியும். செய்யாது.

இப்போது எல்லோர் வாயிலும் கீக்ளோக்தான். ரெட் ஹேட் 2014-ல் வெளியிட்ட ஓபன் சோர்ஸ், ஒரே லாகினில் பல செயலிகளுக்குள் நுழைய வைக்கிற அருமையான மென்பொருள், சந்தேகமில்லை. ஆனால் அது ஓபன்ஐடி கனெக்ட், சாமல் என்ற இரண்டு லாகின் பாஷைகளில் ஒன்றாவது பேசத் தெரிந்த செயலிகளுக்குத்தான் உதவும். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் வருகிற விண்டோஸ் லாகினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பத்து வருடம் முன்பு யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன இ.ஆர்.பி.க்கு அதன் பாஷையே புரியாது. இன்னொன்று, பலரும் சோதனைக்கென்றே இருக்கிற டெவ் மோடில் ஏற்றிப் பார்த்து, ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதில் தரவெல்லாம் எச்2 என்ற சின்ன டேட்டாபேஸில் உட்காரும், எச்டிடிபிஎஸ் கட்டாயமும் இல்லை. நிஜமாக ஓட்ட போஸ்ட்கிரெஸ் மாதிரி முழு டேட்டாபேஸ், மாறாத ஹோஸ்ட்நேம் (சர்வரின் பெயர்), எச்டிடிபிஎஸ்ஸுக்கான சான்றிதழ் மூன்றும் வேண்டும்.

ஃப்ரீஐபிஏ லினக்ஸ்காரர்களின் வீடு. ஆட்கள் பட்டியலான டைரக்டரி, லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், சான்றிதழ் தரும் டாக்டேக், வேண்டுமென்றால் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் என்று ஒரே நிறுவலில் எல்லாம் வந்துவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டரை நேராக அதில் சேர்க்க முடியாது, ஆக பனியன் கம்பெனிக்கு ஆகாது. சரவணம்பட்டிப் பக்கம் சாஃப்ட்வேர் ஆபீஸ் என்றால் யோசிக்காமல் போடலாம். அங்கே ஓர் ஆபீஸில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். மாதாந்திர ஷட்டவுன் அன்று கரண்ட் போனது, மத்தியானம் யுபிஎஸ்ஸும் படுத்துவிட்டது, சாயங்காலம் கரண்ட் வந்து சர்வர் எழுந்தால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய்க் கடிகாரம் பல வருடம் பின்னால் நிற்கிறது. 5 நிமிடத்துக்கு மேல் நேரம் பிசகினால் கெர்பரோஸ் வழக்கமாக ஆளை உள்ளே விடாது. லாக் முழுக்க 'கிளாக் ஸ்கியூ டூ கிரேட்', அதாவது நேர வித்தியாசம் அதிகம். டீ, பஜ்ஜி காசுக்குக் கிடைக்கிற பேட்டரிக்காக ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருந்தோம்.

விண்டோஸ் கூட்டத்துக்கு மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி, அதாவது ஏடிதான் பழகிய வழி. சர்வர் லைசென்ஸ் போக, சிஏஎல் (கால்) என்கிற அணுகல் லைசென்ஸும் வேண்டும். அதை ஆள் கணக்கில் எடுக்கலாம், கருவி கணக்கிலும் எடுக்கலாம். கட்டிங், செக்கிங், பேக்கிங்கில் ஒரே கம்ப்யூட்டரை ஷிஃப்டுக்கு ஒருவர் தொடுகிற இடத்தில் கருவி கணக்குதான் கட்டுப்படியாகும், விற்க வருபவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். அந்தச் செலவே வேண்டாம் என்றால் லினக்ஸில் ஓடும் இலவச சாம்பா இருக்கிறது. 2012 டிசம்பரில் வந்த 4.0 முதல் அதுவே டொமைன் கன்ட்ரோலராக, அதாவது லாகினைச் சரிபார்க்கும் சர்வராக நிற்கும், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் குரூப் பாலிசியும் வேலை செய்யும். ஆனால் இரண்டு சர்வர் வைத்தால் பாலிசி ஃபைல்கள் தானாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகாது, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் மாதிரி எதையாவது நாமே கட்டிவிட வேண்டும். லினக்ஸ் தெரிந்த ஆள் கூடவே இல்லையென்றால் தொடாதீர்கள்.

ஏடியோ ஃப்ரீஐபிஏவோ, டொமைன் பெயரை முதலிலேயே பேப்பரில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றுவது வீட்டை இடித்துக் கட்டுகிற வேலை. டாட் லோக்கல் என்று முடியும் பெயர் வேண்டாம், சொந்தமாக வாங்கிய டொமைனுக்குக் கீழே ஒரு துணைப்பெயர் வையுங்கள்.

கடைசியாக மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான என்ட்ரா ஐடி, 2023 வரை அஷ்யூர் ஏடி. சர்வரே வேண்டாம், மைக்ரோசாஃப்ட் 365 மெயில் வாங்கியவர்களிடம் இலவச வகை ஏற்கெனவே இருக்கிறது, பலருக்கு அது தெரியவே தெரியாது. எந்த இடத்திலிருந்து, எந்தக் கருவியில் நுழையலாம் என்று கட்டுப்படுத்தும் கண்டிஷனல் ஆக்சஸ் வேண்டுமென்றால் பி1 என்கிற கட்டண வகை. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியத்தில் அது அடங்கியிருக்கிறது.

அந்தப் பனியன் கம்பெனிக்கு நான் சொன்னது இதைத்தான், மெயில் ஏற்கெனவே அங்கே இருந்ததால். ஆரம்பித்த அன்றே ஒரு முட்டுக்கட்டை: 22 லேப்டாப்பில் 14 விண்டோஸ் ஹோம் எடிஷன், காந்திபுரத்தில் ஆஃபரில் வாங்கியது. ஹோம் எடிஷன் ஏடியிலும் சேராது, என்ட்ராவிலும் சேராது. புரோவுக்கு மாற்றிய செலவைப் பார்த்து முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம், இ.ஆர்.பி. இதில் எதிலும் சேரவில்லை, அதைக் கையால்தான் மூடுகிறோம். மறக்காமல் இருக்க, ஆள் போகும்போது கணக்கு முடிக்கிற படிவத்தில் கேட் பாஸுக்குக் கீழே 'லாகின் மூடியாச்சு' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அதில் கையெழுத்து விழுந்தால்தான் பாக்கிச் சம்பளத்துக்கு செக் போடுவார்கள்.