சத்தம் கம்மியா சுடணும்னு எடுத்த ஏர் ரைஃபிள், நாலரை வருஷம் கழிச்சு

பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறையில இருந்து வேலந்தாவளம் போற வழியில எங்க தோப்பு. வீட்டுக்குப் பொறத்தால ரெண்டு தென்னை வரிசைக்கு நடுவுல 25 மீட்டர் நேரா கிடைக்குது, முடியற எடத்துல ஆள் உசரத்துக்கு மண்கரை, அதுக்குப் பின்னாடியும் எங்க நிலந்தான். 2021-ல ரைஃபிள் எடுக்கறப்ப எனக்கு இருந்தது ஒரே கண்டிஷனுங்க. பக்கத்து வீட்டு அக்காவோட எருமைத் தொழுவம் வேலிக்கு அந்தப்பக்கம் பத்தடியில இருக்கு, நான் வேலை முடிஞ்சு வந்து சாயங்காலம் லைட்டைப் போட்டு 40 ஷாட் சுட்டா அந்த எருமை மிரளக்கூடாது, கறவை குறையுதுன்னு அக்கா என்கிட்ட வந்து நிக்கக்கூடாது.

அதுக்கு முன்னாடி வெச்சிருந்தது ஸ்பிரிங் துப்பாக்கி. 1000 எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு 1000 அடி வேகம்னு சொல்லி கடையில குடுத்தாங்க, வேகம் ஜாஸ்தின்னா நல்லதுதானேன்னு நானும் வாங்கிட்டேன், கூடவே ஈயம் இல்லாத லேசான அலாய் பெல்லட்டும் (ஏர் ரைஃபிள் குண்டு) வந்துச்சு. முத நாள் சுட்டப்ப படார்னு ஒரு வெடி, எருமை கயித்தை இழுத்துட்டு எந்திரிச்சுருச்சு. புதுத் துப்பாக்கி உள்ள இருக்கற எண்ணெய் கம்ப்ரெஷன் சூட்டுல எரிஞ்சு பெல்லட்டை இன்னும் வேகமா தள்ளி விடும்னு எனக்கு அப்ப தெரியாது. காத்துல ஒலியோட வேகம் 20 டிகிரியில செகண்டுக்கு 343 மீட்டர், எஃப்பிஎஸ்ல சொன்னா 1125, சித்திரையில இங்க 36 டிகிரி அடிக்கறப்ப அது 352 வரைக்கும் போகும். பெல்லட் அதைத் தாண்டுச்சுன்னா பேரல்ல என்ன மாட்டினாலும் அந்த வெடிப்பு போகாது, ஏன்னா அது பேரல்ல வர்ற சத்தமே இல்ல, பெல்லட் போற வழியெல்லாம் கூடவே வர்றது. இது மண்டையில ஏற எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

அடுத்து எடுத்தது நம்ம நாட்டுலயே செஞ்ச பிசிபி, அதாவது முன்னாடியே பம்பு வெச்சு அடைச்ச காத்துல சுடறது, 4.5 மி.மீ., ஒவ்வொரு ஷாட்டுக்கும் கையால போல்ட் இழுத்து சுடறது, காத்தழுத்தத்தை ஒரே அளவா வெச்சுக்கற ரெகுலேட்டர் உள்ளது. கம்பெனி பேரு சொல்லலீங்க, அதுல வந்த ரெண்டு மூணு ரிப்பேரையும் சொல்லப் போறேன், அது எந்தப் பிசிபியிலயும் வர்றதுதான். லைசன்ஸ் விஷயம், 2016 ஆயுத விதிகள்படி பேரல் ஓட்டை 4.5 மி.மீ.க்கு மேலயோ பெல்லட்டோட ஆற்றல் 20 ஜூலுக்கு மேலயோ போனா லைசன்ஸ் வேணும், என்னோடது 16 ஜூல்தான். சைலன்சர் ஏன் மாட்டலைன்னு நிறைய பேரு கேக்கறாங்க. 1959 ஆயுதச் சட்டத்துல ஃபயர்ஆர்ம்ங்கற விளக்கத்துக்குள்ளயே சத்தத்தைக் குறைக்கற துணைக்கருவியையும் சேர்த்து எழுதியிருக்கு. அதுல போய் வாதம் பண்ணிட்டு நிக்க எனக்கு மனசில்ல, தேவையும் படலை.

எடுக்கறப்ப செமி ஆட்டோமேட்டிக் (சுட்ட உடனே அடுத்த குண்டு தானா ஏறிக்கும்) மேல பயங்கர ஆசை இருந்துச்சு. பெரியப்பா பையன், எங்க அண்ணன், டெக்சஸ்ல இருக்காரு, அங்க சட்டப்படி சப்ரஸரோட (சைலன்சர்தான்) செமி ஆட்டோ 22 காலிபர் தோட்டாத் துப்பாக்கி வெச்சிருக்காரு. வீடியோ கால்ல காட்டினாரு, ஒலியை விட மெதுவாப் போற சப்சோனிக் தோட்டா போட்டா மூணு நாலு ஷாட்டுக்கு ஒருக்கா போல்ட் முழுசா பின்னாடி வராம காலித் தோட்டாக்கூடு வெளிய விழற வாசல்லயே மாட்டிக்குது. 22-ல பெரும்பாலும் தோட்டாவோட எதிர்விசையிலதான் போல்ட் பின்னாடி வரணும், மெதுவான தோட்டாவுல அந்தத் தள்ளு பத்தாது. சரியா ஓடினாலும் போல்ட் சீக்கிரம் திறந்து மிச்ச வாயு காது பக்கமா வெளிய வரும், போல்ட் முன்னால போய் அடிக்கற டக்குன்னு ஒரு சத்தம் வேற. 'நீ சத்தம்தான் குறையணும்னா போல்ட் துப்பாக்கியே எடுத்துக்கடா, அது மூடினபடியே நிக்கும்'னாரு. 2011-ல அங்க தரப்படுத்தின 300 பிளாக்அவுட் மாதிரி தோட்டாவுல 220 கிரெய்ன் எடை குண்டை மெதுவா விட்டும் செமி ஆட்டோ ஓடுதுன்னா, அது போல்ட்டைத் தள்ள வாயு எடுக்கற ஓட்டையை தோட்டா இருக்கற சேம்பருக்குப் பக்கத்துலயே வெச்சு அதுக்குன்னே செஞ்ச துப்பாக்கி. சும்மா ஒரு செமி ஆட்டோ எடுத்து மெதுவான தோட்டாவைப் போட்டா அது வராது. அன்னைக்கு அந்த ஆசையை விட்டேன், இன்னைக்கு வரைக்கும் வருத்தமில்ல.

பிசிபியில சத்தம்ங்கறது பெல்லட்டுக்குப் பின்னாடி வர்ற மிச்சக் காத்துதான். அதனால பேரல் நீளமா இருக்கறதா பாத்து எடுங்க, காத்து உள்ளயே வேலை செஞ்சு முடிச்சுட்டு வெளிய வர்றப்ப அழுத்தம் குறைஞ்சிருக்கும். வால்வைத் தட்டித் திறக்கற ஹேமர் தேவைக்கு மேல அடிச்சா வால்வு ரொம்ப நேரம் திறந்திருந்து காத்தை சும்மா கொட்டும், சத்தமும் கூடும், வேகம் மட்டும் கூடாது. மெக்கானிக் ஒருத்தர்கிட்ட குடுத்து ஹேமர் ஸ்பிரிங்கை கொஞ்சம் தளர்த்தினதும் ஒரு தடவை காத்து நெறைச்சா 32 ஷாட் வந்தது 45 ஆச்சு, வேகம் பத்து எஃப்பிஎஸ் கூட குறையல. எனக்கே நம்ப முடியல.

பெல்லட் ஜேஎஸ்பி எக்ஸாக்ட் ரெண்டு எடையும் போட்டுப் பாத்தேன். 8.44 கிரெய்ன் 800 எஃப்பிஎஸ் போகுது, 10.34 கிரெய்ன் 720. ரெண்டும் ஒலி வேகத்துக்கு ரொம்பக் கீழதான். கனமானதுல 25 மீட்டர்ல அஞ்சு ஷாட்டும் ஒரு ரூபாய் காசுக்குள்ள விழுது, சத்தமும் கொஞ்சம் மொத்தையா கேக்குது, நாலு வருஷமா அதுதான்.

இவ்வளவு பண்ணியும் எருமை தலையைத் தூக்கிட்டேதான் இருந்துச்சு. ஒரு நாள் தம்பியை சுடச் சொல்லிட்டு நான் தொழுவத்துல போய் நின்னேன். துப்பாக்கி சத்தம் ஊதின மாதிரி புஸ்ஸுன்னுதான் கேட்டுச்சு, அடுத்த நொடி டங்! டார்கெட்டுக்குப் பின்னாடி வெச்சிருந்த இரும்புப் பெட்டி. ரெண்டு வருஷமா நான் துப்பாக்கியையே நோண்டிட்டு இருந்திருக்கேன், கோயில் மணி மாதிரி அடிச்சது பெட்டி. இப்ப மரப்பெட்டி செஞ்சு ஒரு அடி கனத்துக்கு தேங்கா நார் பித்து அமுக்கி நெறைச்சு, அதுக்குப் பின்னால பழைய டயர் ரப்பர், கடைசியிலதான் இரும்புத் தகடு. சத்தம் தொப்புன்னு தலகாணியைத் தட்டின மாதிரி. எருமை அசை போடறதை நிறுத்தறதே இல்ல. பித்தை வருஷத்துக்கு ஒருக்கா மாத்தறேன், சலிச்சு ஈயத்தைத் தனியா எடுத்துருவேன், அந்தப் பித்தை செடிக்குப் போட்றாதீங்க. சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க.

ரிப்பேர்னு பாத்தா, ரெண்டாவது மழைக்காலத்துல கைப்பம்பு வழியா ஈரம் உள்ள போய் ஃபில் வால்வுல துரு வந்துச்சு. நம்ம பக்கம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஆரம்பிச்சா காத்துல தண்ணிதான் இருக்கும், அதனால பம்போட ஃபில்டர்ல சிலிகா ஜெல்லை அடிக்கடி மாத்தணும், 50 தடவை பம்பு அடிச்சதும் நிறுத்தி பம்பை ஆற விட்டு ப்ளீட் பண்ணி ஈரத்தை வெளிய விடணும். மூணாம் வருஷம் காத்தை அடைக்கற ரப்பர் வளையம் (ஓ ரிங்) கசிஞ்சுது, மாத்தறப்ப சிலிகான் கிரீஸ் மட்டும்தான் போடணும், 200 பார் காத்துல சாதா எண்ணெய் பட்டா தீப்பிடிக்கும், விளையாட்டு இல்ல. இப்ப ரெகுலேட்டர் விடற அழுத்தம் லேசா ஏறுது, ராத்திரி முழுக்க வெச்சிருந்துட்டு சுட்டா முத ஷாட் ஒரு செ.மீ. மேல போகுது, சத்தமும் அந்த ஒண்ணு மட்டும் கூட. அதனால முத ஷாட்டைக் கணக்குல எடுக்கறதில்ல.

கார்த்திகை மார்கழியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து கெழக்க இருந்து அடிக்க ஆரம்பிச்சா 720 எஃப்பிஎஸ் பெல்லட் 25 மீட்டர்லயே ரெண்டு மூணு செ.மீ. நகருது. மெதுவா சுடறதுக்குக் குடுக்கற விலை இதுதான். தென்னை ஓலை ஆடறதைப் பாத்து ஓலை நிக்கற நேரத்துல விடுவேன், தை பொறந்தும் இப்படித்தான்.

ஊருல மயில் நெல்லைத் தின்னுது, சத்தம் வராதுல்ல, ஒண்ணு போட்டு விடுன்னு கேக்கறவங்க இருக்காங்க. மயில் 1972 வனவிலங்குச் சட்டத்துல முத அட்டவணை. காட்டுப்பன்னிக்கு 2022-ல கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவருக்கு அதிகாரம் குடுத்துச்சு, அதுவும் லைசன்ஸ் துப்பாக்கி உள்ளவங்களை வெச்சுத்தான், 16 ஜூல் ஏர் ரைஃபிள்ல பன்னியைச் சுட்டா அது காயத்தோட ஓடி எங்கயோ கெடந்து சாகும். ரெண்டுக்கும் மாட்டேன்னு சொல்லிட்டேன். அக்கா மட்டும் போன வாரம் வேலிக்கு மேல எட்டிப் பாத்து, 'ஏம்ப்பா, இப்பல்லாம் சுடறதில்லையா?'ன்னு கேட்டாங்க. அன்னைக்கு அப்பத்தான் முப்பத்தஞ்சாவது பெல்லட்டைப் போட்டுட்டு இருந்தேன்.