டர்பன் வீட்டிலும் கோயில் மேடையிலும் டிஜிட்டல் பியானோ: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிபவை

கடையில் பத்து நிமிடம் வாசித்துப் பார்த்தால் எந்த டிஜிட்டல் பியானோவும் நன்றாகத்தான் இருக்கும். ஹெட்ஃபோனில் கிராண்ட் பியானோ முழங்கும், கீயெல்லாம் ஒரே சீராக இறங்கும். நாலைந்து வருஷம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்காற்றும் மின்வெட்டும் சாம்பிராணிப் புகையும் பட்ட பிறகு எது நிற்கிறது, எது போகிறது என்று பார்ப்பதுதான் விமர்சனம். அப்படிப் பார்த்தால், அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போடும் 'எத்தனை டோன்' (ஒலிவகை) என்ற கணக்குக்கு மதிப்பே இல்லை. பின்பக்கத்து ஜாக்குகள், காலடியில் கிடக்கும் பெடல், கண்ணுக்கே தெரியாத உள்ளே இருக்கும் ரப்பர் பட்டை, இவைதான் கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

இங்கே பேசுவது 88 கீ, சுத்தியல் எடை (நிஜப் பியானோபோலக் கனக்கும் கீ), ஸ்டாண்டில் வைத்து வாசித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போகும் ரகத்தைப் பற்றி. காசியோ பிஎக்ஸ்-எஸ்1000 (11.2 கிலோ), யமஹா பி-125 (11.8 கிலோ), ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ் (14.8 கிலோ) எல்லாம் இந்த வகை. வாரநாளில் பிள்ளைகளின் யூனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழக) இசைத் தேர்வுப் பயிற்சி, வெள்ளிக்கிழமை பஜனை, சனிக்கிழமை கல்யாண மேடை என்று ஒரே கருவியைப் போட்டு உழைக்கும் வீடுகள் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறைய. அவர்களுக்குத்தான் இது.

முதலில் கீ. இடப்பக்கம் கனமாகவும் வலப்பக்கம் போகப் போக இலேசாகவும் இருப்பதே சரியான எடை. இதை எல்லாரும் கவனிப்பார்கள். கவனிக்காமல் விடுவது கீயின் உள்நீளம், அதாவது கீ ஊஞ்சலாடும் அச்சு பின்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. உடம்பு குறுகலான கருவிகளில் அச்சு கிட்டத்தில் இருக்கும். வெள்ளைக் கீயின் நுனியில் வாசிக்கும்போது வித்தியாசம் தெரியாது. கறுப்புக் கீகளுக்கு நடுவே விரலை விட்டு வாசித்தால் அதே கீ இரண்டு மடங்கு கனத்ததுபோல இருக்கும். ஐந்தரைக் கட்டையில் (ஜி ஷார்ப் சுருதியில்) பாடுகிறவருக்கு நேரடியாக வாசித்தால் கை எப்போதும் உள்ளேதான் கிடக்கும், ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். வாங்கும் முன் ஒரு கீயை நுனியில் ஒருமுறை, கறுப்புக் கீகளின் இடுக்கில் ஒருமுறை மெதுவாக அழுத்திப் பாருங்கள். மெல்லிசாகச் சத்தம் வருவதற்கு இரண்டு இடத்திலும் தேவைப்படும் அழுத்தம் பெரிதாக மாறினால் வேறு கருவி பார்க்கலாம்.

சில ஆண்டுகள் கழித்து வரும் நோய்களில் பெரியது கீ தொடர்பு. ஒவ்வொரு கீயின் கீழும் ரப்பர் குமிழ் ஒன்று, அதற்குள் இரண்டு அல்லது மூன்று கரிப் பொட்டுகள். கீ இறங்கும்போது முதல் பொட்டு சர்க்யூட் போர்டைத் தொடும், அடுத்த நொடித்துளியில் இரண்டாவது தொடும். இடைப்பட்ட நேரத்தை அளந்துதான் நாம் மெதுவாக அழுத்தினோமா ஓங்கி அடித்தோமா என்று கருவி முடிவு செய்கிறது. கடலோர ஈரமும் தூசியும் அந்தப் பொட்டில் படலமாகப் படிந்தால் கணக்கு கெடும். ஒரு கீ மட்டும் திடீரென்று அலறும், அல்லது ஊமையாகும், அல்லது ஒருமுறை அழுத்த இருமுறை ஒலிக்கும். பலரும் இதை 'மதர்போர்டு போச்சு' என்று நினைத்துக் கருவியையே விற்றுவிடுகிறார்கள். தேவையே இல்லை.

உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் மட்டும் திறக்கலாம். அடாப்டரைக் கழற்றி, கட்டிலில் தடித்த போர்வை விரித்து, கருவியைக் கவிழ்த்து வைக்கவும். அடிப்பலகையில் இருக்கும் திருகாணிகள் ஒரே நீளமாக இருக்காது. நீளத் திருகாணியைக் குட்டைக் குழியில் திருப்பினால் மேல்பக்கம் பிளாஸ்டிக் பிளக்கும். எனவே காகிதத்தில் கருவியின் படம் வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைக்கவும். ரிப்பன் கேபிளை இழுக்கும் முன் அதன் பூட்டைத் தளர்த்த வேண்டும். ரப்பர் பட்டைகள் பொதுவாக 12 கீ, 13 கீ துண்டுகளாக வரும். சர்க்யூட் போர்டின் கறுப்புத் தொடர்புகளை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைக்கவும். ரப்பரின் கரிப் பொட்டைக் காய்ந்த துணியால் இலேசாகத் தொட்டால் போதும். தேய்த்தால் கரி உரிந்துவிடும், பிறகு புதுப் பட்டைதான். திரும்பப் பொருத்தும்போது பட்டையின் காம்புகள் ஒவ்வொன்றும் துளைக்குள் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். மழுங்கின குச்சியால் அழுத்தி இறக்கலாம். ஒரு காம்பு தூக்கி நின்றாலும் பக்கத்துக் கீ தானாக ஒலிக்கும்.

கீ மேலே வரும்போது 'டக்' என்று சத்தம் வந்தால் அது வேறு விஷயம். அடியில் இருக்கும் ஃபெல்ட் பட்டை நசுங்கிவிட்டது, அல்லது கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஃபெல்ட்டை மாற்ற வேண்டும், பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் சிலிக்கோன் கிரீஸ் துளி போட வேண்டும். தையல் மெஷின் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

நம் வீடுகளில் இதைவிடக் கெட்ட எதிரி பூஜையறை. விளக்கில் எரியும் எண்ணெயின் புகை ஒட்டும் பசையாகக் கீமேல் படியும், அதன்மேல் தூசி. வால்யூம் ஸ்லைடர் கரகரக்கத் தொடங்குவதும் இதனால்தான். சரஸ்வதி பூஜையில் கருவிக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம்; வைக்கத்தான் வேண்டும். கீயின்மேல் வைக்காதீர்கள். சொரசொரப்பான 'தந்த' மேற்பூச்சுள்ள கீயில் மஞ்சள் ஏறினால் போகாது, குங்குமத்தூள் இடுக்கு வழியாக நேரே அந்த ரப்பர் குமிழுக்குத்தான் போகும். நோட்டுப் புத்தகம் வைக்கும் தாங்கியில் பொட்டு வைத்துவிட்டுக் கீகளைத் துணியால் மூடிவிடலாம். மூடுவதற்கும் பருத்தித் துணியே நல்லது. பிளாஸ்டிக் உறை நவம்பர் முதல் மார்ச் வரையான கோடைப் புழுக்கத்தில் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும்.

அடுத்தது மின்சாரம். 2022, 2023 இல் லோட் ஷெடிங் (அட்டவணை போட்ட மின்வெட்டு) நாளுக்குப் பலமுறை வந்த காலத்தில் இங்கே கருவிகள் கெட்டது கரண்ட் போனதால் அல்ல, திரும்பி வந்ததால். வரும் கணத்தில் மின்னழுத்தம் எகிறும், முதலில் பலியாவது அடாப்டர். 2024 மார்ச்சில் லோட் ஷெடிங் நின்று, பிறகு இடையிடையே தலைகாட்டியது. கோடை இடிமின்னல் மட்டும் எந்த அட்டவணைக்கும் அடங்காது. சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக், கரண்ட் போனதும் அடாப்டரைக் கழற்றி வைப்பது, வந்த பின் ஐந்து நிமிடம் பொறுப்பது, மூன்றும் சேர்ந்தால் போதும்.

இருட்டிலும் வாசிக்க வேண்டுமென்றால் வழி உண்டு. பிஎக்ஸ்-எஸ்1000 ஆறு ஏஏ பேட்டரியில் ஏறக்குறைய 4 மணி நேரம் ஓடும். கரண்ட் இல்லாத ஹாலில் இது பெரிய வசதி. மற்றவற்றுக்கு, வைஃபை ரவுட்டருக்காக வாங்கிய மினி யூபிஎஸ் வீட்டுக்கு வீடு கிடக்கிறதே, அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அடாப்டரின் லேபிளில் மூன்றைப் பார்க்காமல் சொருகக் கூடாது. வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும் (பெரும்பாலான கருவிகள் 12 வோல்ட், 16, 24 வோல்ட் கருவிகளும் உண்டு). ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். வட்டத்துக்குள் புள்ளி போட்ட குறியில் நடுமுனை பிளஸா மைனஸா என்பது ஒத்துப்போக வேண்டும். பி-125 இன் பிஏ-150 அடாப்டர் 12 வோல்ட், 1.5 ஆம்பியர், அதிகபட்சம் 18 வாட். '8,800 எம்ஏஹெச்' என்று போட்ட மினி யூபிஎஸ்ஸை 3.7 வோல்ட்டில் கணக்கிட்டால் சுமார் 32 வாட்-மணி, இழப்புப் போக 26. மிதமான சத்தத்தில் கருவி 9 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரத்துக்குமேல் தாங்கும். இங்கே பெரும்பாலும் இரண்டு மணி நேரத் துண்டாகத்தான் வெட்டினார்கள், கணக்கு கச்சிதம். 1 ஆம்பியர் மட்டும் தரும் யூபிஎஸ்ஸில் சத்தத்தைக் கூட்டினால் கருவி அணைந்து அணைந்து எரியும். அது கருவியின் கோளாறல்ல.

கரண்ட் இருந்தும் மேடையில் தானாக அணைந்துபோவதற்கு வேறு காரணம்: ஆட்டோ ஆஃப். 30 நிமிடம் கீ தொடாவிட்டால் அணையும்படி பல கருவிகள் கடையிலிருந்தே வரும். சொற்பொழிவு நாற்பது நிமிடம் நீளும், மங்களம் பாட எழுந்தால் பியானோ செத்துக் கிடக்கும். பி-125 இல் இடக்கோடிக் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் பட்டனைப் போட்டால் இது நிரந்தரமாக நீங்கும்.

சுருதிக்கு வருவோம், நம்மவர்களுக்கு இதுதான் உயிர்நாடி. ஒரு கட்டை என்றால் சி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். சி யில் பழகிய பாட்டை ஐந்தரைக்குக் கொண்டுபோக 8 அரைஸ்வரம் ஏற்ற வேண்டும், ஆனால் பி-125 இல் டிரான்ஸ்போஸ் (கீயை மாற்றாமல் சுருதியை நகர்த்தும் வசதி) மேலும் கீழும் 6 வரைதான். எனவே மைனஸ் 4 வைத்துவிட்டு, வலக்கையை ஒரு ஸ்தாயி மேலே நகர்த்தி வாசிக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் 'இந்தக் கருவியில் லேடீஸ் சுருதி வராது' என்று சொல்கிறவர்கள் உண்டு. பழைய ஹார்மோனியமோ நாகஸ்வரமோ கூட இருந்தால் வழக்கமான 440 ஹெர்ட்ஸ் ஒத்துப்போகாது. அதற்கு மொத்தக் கருவியின் சுருதியையும் நுணுக்கமாக நகர்த்தும் மாஸ்டர் ட்யூனிங்: எஃப்பி-30எக்ஸில் 415.3 முதல் 466.2 ஹெர்ட்ஸ் வரை, பி-125 இல் 414.8 முதல் 466.8 வரை நகர்த்தலாம். அரைஸ்வரத்தை டிரான்ஸ்போஸில் முடித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ட்யூனிங்கில் சரிசெய்யவும். நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் மறுநாள் பிள்ளை தேர்வுப் பாடத்தைத் தவறான சுருதியில் பழகும், காதும் அதற்கே பழகிவிடும். கமகம் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். பியானோ கீயில் அது இல்லை.

பெட்டியோடு கொடுக்கும் சதுரப் பெடல் வெறும் ஸ்விட்ச். டைல்ஸ் தரையில் அது வழுக்கிக்கொண்டே போகும். தேர்வுக்குப் பழகுகிறவருக்குப் பாதி அழுத்தத்தையும் உணரும் ஹாஃப் பெடல் அவசியம், ஆனால் கருவி அதை ஏற்குமா என்று முதலில் பார்க்கவும் (பி-125 க்கு எஃப்சி3ஏ). பெடலை மிதித்தால் ஒலி நின்று, விட்டால் நீளுகிறதா? பவர் போடும்போது கால் பெடல்மேல் இருந்திருக்கும். பல கருவிகள் அந்தக் கணத்தில்தான் பெடலின் திசையைப் படிக்கின்றன. காலை எடுத்துவிட்டு அணைத்துப் போட்டால் சரி.

பெடலை நிறைய மிதிக்கிறவர் பாலிஃபனி எண்ணையும் (ஒரே நேரத்தில் எத்தனை குரல் ஒலிக்கும் என்பது) பார்க்க வேண்டும். பழைய பி-45 இல் 64, பி-125 இல் 192, எஃப்பி-30எக்ஸில் 256. ஸ்டீரியோ ஒலியில் ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு குரல் செலவாகும், ஸ்ட்ரிங்ஸையும் சேர்த்தால் இன்னும் கூடும். 64 இல் கீழ்ஸ்வரங்கள் பாதியில் அறுவது கேட்கும். 192 க்கு மேலே காது வித்தியாசம் காண்பது அரிது.

மேடைக்குப் போகிறவர் தனி லைன் அவுட் (மிக்ஸருக்கு ஒலி கொடுக்கும் ஜாக்) இல்லாத கருவியை வாங்கக் கூடாது, இதில் சமரசமே கிடையாது. ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து மிக்ஸருக்கு எடுத்தால் கருவியின் ஸ்பீக்கர் அணைந்துபோகும், வாசிப்பவருக்கு மானிட்டர் இருக்காது. கோயில் ஹால்களின் ஒலிபெருக்கி பெரும்பாலும் மோனோ. அங்கே இடது, வலது இரண்டையும் சொருகி நடுவில் கலந்தால் இரண்டு ஒலியும் ஒன்றையொன்று தின்று பியானோ தகரம்போல் கேட்கும். 'எல்/மோனோ' ஜாக்கில் மட்டும் ஒரு கேபிள் போடுங்கள். கருவியின் சத்தத்தை முக்கால் பங்கில் வைத்து, மிச்சத்தை மிக்ஸரில் கூட்டவும். லேப்டாப்பும் யூஎஸ்பியில் இணைந்திருக்கும்போது 'ம்ம்ம்' என்று இரைந்தால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கவும். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப் (எர்த் இரண்டு வழியாக இணைந்து வரும் இரைச்சல்), கருவிக்கும் மிக்ஸருக்கும் இடையே வைக்கும் டிஐ பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' ஸ்விட்சைப் போட்டால் தீரும். எர்த் முனையை வெட்டி எறியும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது.

ப்ளூடூத் இருந்தால் ஃபோனிலிருந்து தம்புரா ஆப்பைப் பியானோ ஸ்பீக்கரில் கேட்கலாம், அவ்வளவுதான். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் வாசிக்கலாம் என்று வாங்காதீர்கள். கீ அழுத்தி ஒலி வந்து சேர்வதற்குள் தாளம் தவறிவிடும். கம்பி ஹெட்ஃபோன்தான்.

அதைப் போட்டாலும் கீ இறங்கும் 'தொம் தொம்' சத்தம் ஸ்டாண்டு கால் வழியாகத் தரைக்குப் போகும். சாட்ஸ்வொர்த்தின் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகளில் அடுத்த வீட்டுக்காரருக்கு இராகம் கேட்காது, இந்தத் தொம் மட்டும் கேட்கும். ஸ்டாண்டின் நான்கு கால்களுக்கும் கீழே தடித்த ரப்பர் பாய், எக்ஸ் வடிவத்துக்குப் பதில் ஆடாத சட்ட ஸ்டாண்டு, இவ்விரண்டும் இரவுப் பயிற்சியைக் காப்பாற்றும்.

பழைய கருவி வாங்குவதானால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு 88 கீயையும் இடமிருந்து வலமாக, கேட்டும் கேட்காத மெலிசில் ஒவ்வொன்றாக அழுத்தவும். ஓங்கி அடித்தால் எல்லாக் கீயும் நல்ல கீயாகத்தான் தெரியும். நோயுள்ளது மெலிசில்தான் மாட்டும். பிறகு ஹெட்ஃபோன் பிளக்கையும் அடாப்டர் பிளக்கையும் இலேசாக ஆட்டிப் பார்க்கவும். ஹெட்ஃபோன் கரகரத்தால் ஜாக்கின் ஈயப்பற்று விட்டிருக்கும், மலிவான வேலை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். அடாப்டரை ஆட்டும்போது கருவியே அணைந்தால், அதைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் கைவசம் இருந்தால் மட்டும் வாங்கவும்.