"சேலம்" என்று தேடுங்கள்: இங்கிலாந்துப் பல்கலைக்கழக அருங்காட்சியகங்களின் இணையப் பட்டியல்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பொருள் ஏதாவது இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறதா என்று பார்க்கக் கப்பல் ஏற வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகமும் கேம்பிரிட்ஜின் தொல்லியல், மானிடவியல் அருங்காட்சியகமும் தங்கள் பட்டியலை இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. கைப்பேசியிலேயே பார்க்கலாம், காசு கிடையாது.

ஆனால் "தர்மபுரி" என்று மட்டும் போட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. 1965 அக்டோபர் 2 வரை நம் இரண்டு மாவட்டமும் சேலம் மாவட்டம்தான். 1792-இல் திப்புவிடமிருந்து கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) எடுத்துக்கொண்டபோது இந்தப் பக்கத்தின் பெரும்பகுதிக்குப் பாராமகால் (Baramahal) என்று பெயர். அதனால் சேலம், பாராமகால், மெட்ராஸ் பிரசிடென்சி என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கிருஷ்ணகிரியை "கிஸ்ட்னகிரி" (Kistnagiri) என்று எழுதிய காலம் அது. அந்த எழுத்துக்கூட்டலையும் விட வேண்டாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் அருங்காட்சியகம் கொடுத்திருக்கும் பதிவு எண்ணைப் படிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். முதலில் வரும் ஆண்டு, பெரும்பாலும் பொருள் அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டு. ஊரிலிருந்து எடுத்த ஆண்டு அதற்குப் பல வருடம் முந்தியதாக இருக்கலாம். பிட் ரிவர்ஸில் 1884 என்று தொடங்கும் எண்கள், தளபதி பிட் ரிவர்ஸ் கொடுத்த மூலத் தொகுப்பைச் சேர்ந்தவை. களத்தில் சேகரித்தவர், இடையில் வைத்திருந்தவர், அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம். மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிப் பட்டியல்களின் பெருங்குறை இங்கேதான். துரையின் பெயரும் பதவியும் இருக்கும். செய்த குயவர், கொல்லர் பெயர் இருக்காது. ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "தென்னிந்தியா" என்று முடிந்துவிடும். விலைக்கு வாங்கினார்களா, கேட்டு வாங்கினார்களா, குழியைத் தோண்டி எடுத்தார்களா என்பதும் தெரியாது. "குற்றப் பரம்பரை" போன்ற பழைய சொற்களும் கண்ணில் படும். அவற்றை அழிப்பதைவிட, யார் எந்த ஆண்டில் எழுதியது என்று பக்கத்தில் குறிப்பதே சரி. அழித்துவிட்டால் அந்த மக்களின் பொருளைத் தேடும் வழியும் அடைபட்டுப் போகும். மனித எலும்புகளின் படத்தை வெளியே காட்டாததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த விவரம் வேண்டுமென்றால் மின்னஞ்சலில்தான் கேட்க வேண்டும்.

மின்னஞ்சல் எழுதும்போது பதிவு எண்ணைத் தலைப்பிலேயே போடுங்கள். "இது எங்கள் பொருளா?" என்று கேட்பதைவிட, வந்த பொருள்களை எழுதிவைக்கும் வரவுப் பேரேட்டில் அந்தப் பதிவு உள்ள பக்கத்தின் நகலையும், பொருளின் மேல் உள்ள ஒட்டுச்சீட்டின் படத்தையும் கேளுங்கள். இணையத்தில் இருப்பது அவற்றின் சுருக்கம்தான்.

ஆவணம் என்ன செய்யும் என்பதற்குத் திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலையே சான்று. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அதை 1967-இல் ஏலத்தில் வாங்கியது. அதே சிலை 1957-இல் கும்பகோணம் பக்கத்துச் சுந்தரப்பெருமாள் கோயிலில் இருந்ததைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படம் காட்டியது. 2024 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் கவுன்சில், சிலையை இந்தியாவுக்குத் திருப்பித் தரும் கோரிக்கையை ஆதரித்தது.

நம் வயல்களில் நிற்கும் நடுகற்களுக்கு அப்படி ஒரு படம் இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே எடுங்கள். நான்கு பக்கமும் எடுங்கள், அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள். கல்லில் வெட்டிய வட்டெழுத்துக்கு (பழைய தமிழ் எழுத்து வடிவம்) உச்சி வெயில் ஆகாது. காலையிலோ மாலையிலோ சாய்வெளிச்சத்தில்தான் எழுத்து எழும்பித் தெரியும். சாக்பீஸ் மாவோ எண்ணெயோ பூசவே கூடாது. ஊர், புல எண், தேதி மூன்றையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்.